நாற்காலிக்குக் கால் இல்லை

எந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தாலும் அவள் முதலில் தலைகீழாகத் திருப்பிவைத்துத்தான் பார்ப்பாள். கல்யாண ஆல்பம், பேப்பரில் வந்த மந்திரி படம், என்னுடைய அடையாள அட்டை, எதுவானாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள்.

“நேரா பாத்தா மூஞ்சி முன்னாடி வந்து நின்னுக்கும். வேற எதையும் பாக்க வுடாது.”

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீர் பம்புகளுக்கு இரும்புக் கூடு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் தரப் பரிசோதனையில் இருந்தாள், நான் டெஸ்பாட்ச்சில். ஏறக்குறைய ஒரே வயது. பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு அவள் வந்து சேர்வாள். நான் மேற்கே எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் வருவேன். அங்கிருந்து ஒரே ரயில், ஒரே மகளிர் பெட்டி.

அவளுடைய குடும்பம் வலைநூலும் கயிறும் விற்கும் முஸ்லிம் வியாபாரக் குடும்பம். “எங்க ஊட்ல செவுத்துல படம் மாட்ற பழக்கமே கிடையாது. ஒரு கடியாரம், ஒரு காலண்டரு, அவ்ளோதான்” என்பாள். பாலிடெக்னிக் படிக்கும்போது ஒரு தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த வீட்டுக் கூடத்தில் மிகப் பழைய படம் ஒன்று. கோட்டுப் போட்ட ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு பூச்சாடி. இவள் அதன் முன்னால் நின்றது நின்றதுதான். தோழியின் அம்மா காபியோடு வந்து, “இன்னாம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்கும் வரைக்கும் நின்றாளாம்.

அதற்கப்புறம் அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் துழாவி, யார் யார் வீட்டிலிருந்தோ கழித்துப் போட்ட பழைய படங்களை வாங்கி வருவாள். முன்பின் தெரியாத மனிதர்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டிபன் பையில் எடுத்து வருவாள். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒரு படத்தையாவது பார்த்தாக வேண்டும்.

ஒருமுறை தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய மனிதரின் படம். மேஜைமேல் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். “கம்பீரமா நிக்கிறாரு” என்றேன்.

“கம்பீரம் எங்க கீது? கைய வெச்சிக் காட்டு.”

நான் மீசையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பி, அவருடைய செருப்புக்குப் பின்னால் விரலை வைத்தாள். அங்கே இரும்பில் மூன்று சின்னக் கால்கள் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் நின்று தலையைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கியின் கால்கள்.

“அவரா நிக்கல. நிறுத்தி வெச்சிருக்காங்க. மேஜைமேல வெச்ச கையப் பாரு, எவ்ளோ அழுத்தி ஊனிகினு கீறாரு. பின்னாடி துணியில வரைஞ்ச தூணுக்கு நிழல் இந்தப் பக்கம். அவரு மூக்கு நிழல் அந்தப் பக்கம். ரெண்டு சூரியன் பா இந்தப் படத்துல.”

இன்னொரு முறை ஒரு பெண்ணின் படம். “சிரிக்கவே இல்ல, பாவம்” என்று சொல்லிவிட்டேன். சட்டென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

“சிரிக்கலன்னு சொல்லாத. வாயி மூடிகினு கீதுன்னு சொல்லு. பாவம்னு சொல்றியே, அது படத்துல இல்ல. அது உன்னுது.”

அந்தக் காலத்தில் படம் பதிய நேரமாகும் என்பதையெல்லாம் பிற்பாடுதான் சொன்னாள். சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் முகம் புகையாகிவிடும். அதனால்தான் ஊன்றிக்கொள்ள ஒரு மேஜை, சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, கையில் பிடித்துக்கொள்ள ஒரு புத்தகம். அந்த மனிதர்களுக்குப் படம் எடுத்துக்கொள்வது என்றால் அசையாமல் இருப்பது என்று அர்த்தம். இந்தக் காரணத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். காரணம் தெரிந்துவிட்டால் பிறகு யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றாள்.

வேலையிலும் இதே குணம்தான். ஒருநாள் ஒரு லாட் பம்புக் கூடுகளில் பத்துப் பன்னிரண்டை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள். உருகிய இரும்புக்குள் காற்று மாட்டிக்கொண்டால் ஊசித் துளைகள் விழும். அவை அனுமதித்த அளவுக்குமேல் இருந்தன. லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் வந்து, “இன்னாம்மா, இது தண்ணி பம்புதானே, ஏரோப்ளேனா?” என்றார். “இல்ல சார். ஆனா ஓட்டை கீது” என்றாள். அவர் அதட்டினார். பிறகு தணிந்து பேசினார். ‘ஓட்டை இல்லை’ என்று எழுதும் இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கடைசியில் வேறொருவர் கையெழுத்தில் லாரி போனது. இவளை மூன்று மாதம் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அந்தக் கூடுகள் திரும்பி வரும், அவள் சொன்னது சரியென்று நிரூபணமாகும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவளிடமே கேட்டேன்.

“ஓடுதா? ஓடட்டும், நல்லதுதான். ஓட்டை இருந்திச்சு. அதுவும் நெசந்தான்” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எனக்கு அவளைப் பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இனி எங்கள் சபைப் படத்தின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தேவாலயத்துக்கு நூற்றாண்டு வந்தது. மலர் ஒன்று போடத் தீர்மானித்தார்கள். மலர்க் குழுவுக்குச் செயலர் என் பெரியப்பா. தேவாலயத்தின் அலமாரியில் வெகுகாலமாக ஒரு படம் இருந்தது. எங்கள் ஊரில் முதலில் இருந்த வெள்ளைக்காரப் போதகரின் குழந்தை. ஒரு வயதிருக்கும். வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு, கறுப்புத் துணி போர்த்திய உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பொன்னேரி ஸ்டுடியோவில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கி வா என்று பெரியப்பா என்னிடம் ஒப்படைத்தார். ஸ்டுடியோவுக்குக் கொடுப்பதற்கு முன் ரயிலில் அவளிடம் காட்டினேன்.

வழக்கம்போலத் திருப்பினாள். ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“இந்த நாற்காலிக்குக் கால் இல்ல” என்றாள்.

“துணி மூடிகினு இருக்குது.”

“துணி நாற்காலி மேல போட்டா நேரா தொங்கும். இங்க பாரு, ரெண்டு இடத்துல முன்னாடி துருத்திகினு வந்து, அப்புறம் எறங்குது. நாற்காலிக்கு முட்டி இருக்குமா?”

தரப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சின்ன லென்ஸைப் பையிலிருந்து எடுத்து, குழந்தையின் இடுப்பருகே வைத்தாள். கவுனின் மடிப்பில் விழுந்த நிழல் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த இடம் அது. நான்கு விரல்கள். துணியின் பிளவு வழியாக வெளியே வந்து, குழந்தையின் இடுப்பை வளைத்துப் பிடித்திருந்த ஒரு கறுத்த கை.

“கொழந்த ஒரு எடத்துல இருக்காதில்ல. அதான் பின்னாடி ஒரு ஆள உக்கார வெச்சி, மேல துணியப் போட்டு மூடி, புடிச்சிக்கச் சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி படத்தப் பத்திப் படிச்சிருக்கேன், பாத்ததில்ல.” லென்ஸை நகர்த்தினாள். “கொழந்த காலப் பாரு, உதைச்சிருக்குது, கலங்கிப் போச்சு. மூஞ்சியும் லேசா கலங்கியிருக்குது. இந்தப் படத்துல துளிகூட அசையாம இருந்தது அந்தக் கை ஒண்ணுதான்.”

என் மனம் எங்கோ ஓடிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. தாத்தாவின் அக்கா, ஏசுவடியாள் என்று பெயர், துரை வீட்டில் குழந்தை தூக்கினாள் என்பார்கள். பண்ணையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலில் வேறு வேலைக்குப் போனவள். அவளுக்குப் படம் கிடையாது, கல்லறையில் கல்லும் கிடையாது.

“எங்க தாத்தாவோட அக்காதான் இது!” என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்கலாம்” என்றாள்.

“இருக்கலாம் இன்னா? அவங்கதான். நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. படத்தப் பாத்துச் சொல்லத் தெரிஞ்சவ நீ. நீ எழுதினா பெரியப்பா கேப்பாரு.”

“கை ஒண்ணு கீது. கைக்குப் பின்னால ஆளு ஒண்ணு கீது. பேரு இல்ல பா. இல்லாதத எப்படி எழுதுவேன்?”

“உனக்கு இன்னா நஷ்டம்?”

அவள் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் வேறு பெட்டியில் போனேன். எங்கள் வீட்டுக்கு ஒரு முகம்கூட வேண்டாம், ஒரு கையாவது கிடைக்கிறது என்றால், அதைத் தர இவளுக்கு ஏன் மனமில்லை என்று எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் நானே அவளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. ஸ்டுடியோவில் கொடுத்த படம் தயாராகி வந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் நல்லெண்ணத்தோடு கறுப்புத் துணியை முழுக்க நீக்கிவிட்டு, பின்னால் நீல வானமும் மேகமும் வைத்து, குழந்தையை ஒரு பூக்கூடையில் உட்கார வைத்திருந்தார். இடுப்பிலிருந்த ‘கறை’யையும் துடைத்துவிட்டிருந்தார். பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராகப் பார்த்தாள். அவள் முகம் அப்படி இறுகி நான் பார்த்ததேயில்லை.

“உங்க மீட்டிங் என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சி. நீ எதுக்கு?”

“வரேன்.”

வந்தாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தோளில் அதே டிபன் பையோடு, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். குழுவில் ஏழு பேர். பெரியப்பாவைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். நான் அவளைச் சிநேகிதி என்று அறிமுகப்படுத்தினேன். யாரோ அவளுக்கு டீ கொடுத்தார்கள்.

துடைக்காத அசல் படத்தையே போட வேண்டும் என்று அவள் சொன்னதும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “இன்னாம்மா, நூறு வருசத்துப் படம். அழுக்கு ஏறியிருக்குது. தொடைச்சா தப்பா?”

“அழுக்குன்னா தொடைங்க ஐயா. அழுக்கான்னு ஒரு தபா எல்லாரும் பாத்துட்டுத் தொடைங்க.”

மேஜைமேல் அசல் படத்தை வைத்தாள். லென்ஸை முதல் ஆளிடம் கொடுத்தாள். கை என்று அவள் வாயால் சொல்லவேயில்லை. “இன்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

முதல் ஆள் துணி மடிப்பு என்றார். இரண்டாமவர் ஒன்றும் புரியவில்லை என்றார். மூன்றாவது கிரேன் ஓட்டுபவர் ஒருவர். குனிந்தவர் நிமிரவேயில்லை. பிறகு தன் இடது கையைத் தன் இடுப்பிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“விரலு” என்றார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐயையோ, பின்னாடி யாரோ குந்திகினு இருக்காங்கோ!”

அவ்வளவுதான். எல்லோரும் எழுந்து மேஜையைச் சுற்றி நெருக்கினார்கள். முதல் ஆள் லென்ஸைத் திரும்பவும் வாங்கிப் பார்த்து, “ஆமா, ஆமா” என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தில் ஒரே சந்தோஷம். பிறகு ஒருவர், “எங்க தாத்தாவோட அத்தைதான் துரை ஊட்டுல ஆயாவா இருந்தது” என்றார். இன்னொருவர், “உங்க ஊட்டு ஆளு சமையல்தானேப்பா? கொழந்த தூக்கினது எங்க ஊடு” என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. ஏசுவடியாள் பெயரைச் சொன்னேன். மூன்று குடும்பம், ஒரே கை. குரல் ஏறியது.

பெரியப்பா மேஜையைத் தட்டினார். “பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்றேன். சும்மா இருந்த படத்தக் கிளறி பேஜாரு பண்ணிகினு. பூக்கூடையே இருக்கட்டும்.”

அவள் எழுந்து நின்றாள். சத்தமாகப் பேசவில்லை. “ஐயா, பேரு போடாதீங்க. யாருன்னு இந்தப் படம் சொல்லல. ஆனா ஒருத்தர் இருந்தாங்கன்னு சொல்லுது. அப்பவே அவங்க மேல ஒரு தபா துணியப் போட்டு மூடிட்டாங்க. இப்ப நீங்க ஆளையே எடுத்துட்டீங்கன்னா, அந்தக் கொழந்த எப்படி ஐயா உக்காந்துகினு இருக்கும்?”

பெரியப்பா மற்றவர்களைப் பார்த்தார். கிரேன் ஓட்டுபவர்தான் முடித்து வைத்தார். “ஒரு தபா பாத்துட்டோம் அண்ணே. இனிமே பாக்காத மாதிரி இருக்க முடியாது.”

படம் முழுசாக, அப்படியே, பெயர் இல்லாமல் போடுவது என்று முடிவானது. அச்சகத்துக்குப் போய்ப் புரூஃப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மத்தியான வேளை, புரூஃப் தாள் என் முன்னால் இருந்தது. படத்தின் கீழே ‘போதகரின் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. பேனாவை எடுத்து, அதன் பக்கத்தில் ‘பிடித்திருப்பவர்: ஏசுவடியாள்’ என்று எழுதினேன். அச்சில் வந்துவிட்டால் வந்ததுதான். இன்னும் நூறு வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவர்கள் அந்தப் பெயரைத்தான் படிப்பார்கள். மற்ற இரண்டு குடும்பமும் கொஞ்ச நாள் சண்டை போடும், பிறகு ஓயும். எனக்கு அந்தப் பெயரின் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது.

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் பெண் தாளை வாங்கிப் படித்தாள். “பேரு கரெக்ட்டுதானே மேடம்? ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க.”

சாதாரணமாக எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தாளைத் திரும்ப வாங்கினேன். பெயரைக் கோடு போட்டு அடித்தேன். ‘போதகரின் குழந்தையும், குழந்தையைப் பிடித்திருப்பவரும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சடித்த முதல் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் ரயிலில் அவளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “வானம் இல்ல. நல்லது” என்றாள். பாராட்டெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அதற்கு அடுத்த வருடம் அவள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறிப் போய்விட்டாள். கொஞ்ச நாள் போனில் பேசினோம், பிறகு நம்பர் மாறிவிட்டது. இப்போது எங்கே, எந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. ஆனால் அவளை நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது மலர் வெளியான அந்த நாள்தான்.

அன்றைக்கு அசல் படத்தைக் கூடத்தில் ஒரு மேஜைமேல் வைத்து, பக்கத்தில் அவள் லென்ஸையும் வைத்திருந்தார்கள். லென்ஸைப் பிரிய மனமில்லாமல் அவளும் மேஜை ஓரமாகவே நின்றாள். ஜனங்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். மூன்று குடும்பமும் தங்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி, நம்ம ஊட்டு ஆளு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை.

என் அப்பா கடைசியாக வந்தார். சின்ன வயதில் பண்ணை வேலை, பிறகு இருபது வருடமாகத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. மீட்டிங்குக்கு அவர் வரவில்லை, அன்று அவருக்கு ஷிப்ட். குனிந்து, லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, பிறகு பார்த்தார். அவருடைய அத்தையின் பெயரைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“கை கடுத்துப் போயிருக்கும் பாவம்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். பாவம் என்ற வார்த்தை அவளுக்கு ஆகாதே. அவள் அப்பாவிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். “எத வெச்சிச் சொல்றீங்க?”

“நகத்தப் பாருமா” என்றார் அப்பா. “வெரலு கறுப்பா கீது. நகம் மட்டும் வெளேர்னு கீது பாரு. சும்மா புடிச்சா அப்படி ஆவாது. கொழந்த திமிறுது, வுடக் கூடாதுன்னு அழுத்திப் புடிச்சாத்தான் ரத்தம் வெலகி அப்படி வெளுக்கும். மூட்ட தூக்கறப்ப எனக்கு ஆவும்.”

அவள் லென்ஸை வாங்கிக் குனிந்தாள். பின்னால் நின்றவர்கள் கலைந்து சாப்பிடப் போனார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது என்று சொல்ல மாட்டேன். இமையை இரண்டு முறை அழுத்தி மூடித் திறந்தாள், அதை மட்டும் பார்த்தேன்.

“ஆமாங்க,” என்றாள் அப்பாவிடம். “நாலு விரலையும் எண்ணினேன். நகத்த நான் பாக்கல.”